லாரி ஓட்டும் வீட்டில் பகல் தூக்கம்

நானும் என் கணவரும் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே கண்டெய்னர் லாரி ஓட்டுகிறோம். எங்கள் மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. இருவரும் நெடுந்தூரம் ஓட்டினால் பிள்ளையை யார் வளர்ப்பது என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்காதவர்கள் இல்லை. பிரிந்திருப்பதைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதுவும் கடினம்தான், ஆனால் எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாடு, இரவெல்லாம் ஓட்டி வந்தவர் பகலில் தூங்குவது.

என்-3 நெடுஞ்சாலையில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 570 கிலோமீட்டர். கனரக லாரிக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் ஏற்றத்திலும் வான் ரீனன் கணவாயிலும் அந்த வேகமும் கிடைக்காது. கிளம்பும் நேரமும் நம் கையில் இல்லை. காற்று பலமாக அடித்தால் துறைமுகத்தில் கிரேன்களை நிறுத்திவிடுவார்கள், பேஹெட் சாலை நெடுக லாரிகள் வரிசையில் நிற்கும். 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே 60க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக் கிடந்தபோது, மாலையில் கிளம்ப வேண்டியவர் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படிக் கிளம்பினால் உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் விடியற்காலை நேரம் முழுவதும் சாலையில்தான் கழியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி கண் செருகினால், சுமையோடு 56 டன் வரை எடையுள்ள வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரம் ஓட்டுநர் இல்லாமலே ஓடியிருக்கும்.

ஆகவே வீடு திரும்பியவரின் தூக்கத்தை நாங்கள் சம்பளத்துக்கும் மேலாகக் காக்கிறோம். திரும்பி வந்ததும் முதல் ஒரு மணி நேரம் மகளுக்கு. அவளோடு சாப்பிடுவதும், குளிப்பாட்டித் தலைவாரி விடுவதும், அவள் சொல்வதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்பதும் அதற்குள் நடக்க வேண்டும். அதன்பின் பின்னறையின் தடித்த திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிட வேண்டும், அவள் அழுதாலும்கூட. தொடக்கத்தில் அவள் கதவருகிலேயே உட்கார்ந்து அழுவாள். உள்ளே படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பது வான் ரீனன் பனிமூட்டத்தில் ஓட்டுவதைவிடக் கொடுமை. இப்போது, "ஆயா, அம்மா எழுந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறாள்.

அந்த ஆயா என் மாமியார். அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் காப்பகம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவர் இல்லையென்றால் எங்களில் ஒருவர் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்போம். பாட்டி பார்த்துக்கொள்வது பாசத்தால்தான் என்று சொல்லி அந்த உழைப்பை இனாமாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாதம்தோறும் அவருக்கென்று ஒரு தொகை வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருக்கு ஓய்வு.

பிள்ளையைக் கேபினிலேயே கூட்டிப் போகலாமே என்பவர்களும் உண்டு. எங்கள் இரு முதலாளிகளும் வெளியாள் யாரையும் ஏற்றக் கூடாது என்றே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அனுமதித்தாலும் நான் ஏற்றமாட்டேன். இருக்கைக்குப் பின்னாலுள்ள படுக்கை, நிற்கும் வண்டியில்தான் படுக்கை. ஓடும் வண்டியில் வார் மாட்டாமல் அங்கே ஒரு குழந்தை படுத்திருக்கும்போது திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது மூயி ரிவர் ஊர் அருகே லாரிகளுக்குத் தீ வைக்கப்பட்டதும் இதே சாலையில்தான்.

இன்னொன்றையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம்: இருவரும் ஒரே இரவில் வெளியே இருப்பதில்லை. இதற்காக நல்ல கூலி கிடைக்கும் பயணங்களை மறுத்திருக்கிறோம். 2024 செப்டம்பரில் வான் ரீனன் பகுதியில் பனி கொட்டி என்-3 மூடப்பட்டபோது, என் கணவர் ஹாரிஸ்மித் பக்கம் வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். நான் வீட்டில் இருந்ததால் மகளுக்கு அது அப்பா சற்றுத் தாமதமாக வந்த ஒரு பயணமாக மட்டுமே இருந்தது.

இந்த ஏற்பாடு இன்னும் கொஞ்ச காலம்தான் செல்லும். முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டான கிரேடு ஆர் வகுப்பு இப்போது கட்டாயம் என்று சட்டமாகிவிட்டதால் விரைவில் அவள் பள்ளிக்குப் போக வேண்டும். தினமும் காலையில் தூங்கி எழுந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். எங்களில் ஒருவர் துறைமுகத்திலிருந்து நகருக்குள்ளிருக்கும் கிடங்குகளுக்கு ஓட்டும் பகல் வேலைக்கு மாற முடிவு செய்திருக்கிறோம். அதில் இரவுப் படி இல்லை என்பதால் வருமானம் குறையும். தானே மாறிக்கொள்வதாக என் கணவர் சொல்கிறார். நெடுஞ்சாலையில் ஓட்டுவது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், நானும் மறுக்கவில்லை.