முன்னுரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

ஆறுகளைப் பற்றிக் கட்டுரை கேட்டால் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் பாதி நோட்டுகளில் பாலாறு வற்றாமல் ஓடும். கரையெங்கும் பசுமை பூத்துக் குலுங்கும். எழுதிய பிள்ளை அன்று காலையில்தான் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டே பாலத்தைத் தாண்டி வந்திருப்பான். குடியாத்தத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் இருக்கிற அரசுப் பள்ளி எங்களுடையது. 2021 நவம்பரில் இரு கரையும் முட்ட வெள்ளம் போனதை வேடிக்கை பார்த்தவர்கள் இந்தப் பிள்ளைகள். அதை ஒருவரும் எழுதுவதில்லை. கைடில் அது இல்லையே!

சோம்பேறித்தனம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுரை என்பது தமிழம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தமிழம்மாவுக்கே திருப்பிச் சொல்வது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தெரிந்தவருக்குச் சொல்ல எதற்கு மெனக்கெட வேண்டும்? அதனால் கேட்பவருக்குத் தெரியாத ஒன்றை எழுதச் சொல்லிப் பார்ப்பது என்று ஆரம்பித்தேன். முன்னுரை, முடிவுரை எல்லாம் அப்புறம். தலைப்பு ஒன்றுதான்: ‘எங்கள் வீட்டில் நடக்கும் ஒரு வேலை.’

ஒரு பெண் எழுதியது இரண்டே வரி. ‘என் அம்மா பீடி சுற்றுகிறார். அவர் ஒரு கடின உழைப்பாளி.’ நான் திருத்தவில்லை. அவளை எழுந்து படிக்கச் சொல்லிவிட்டு வகுப்பைக் கேள்வி கேட்க விட்டேன். நிபந்தனை ஒன்று: தனக்கு நிஜமாகவே தெரியாததைத்தான் கேட்க வேண்டும். தறிக்காரர் வீட்டுப் பையன்களுக்குப் பீடி வேலை தெரியாது. இலை எப்படி உடையாமல் சுருளுகிறது? எல்லாம் ஒரே அளவில் வருவது எப்படி? பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “கடையில கழிச்சிட்டா உங்கம்மா இன்னா பண்ணுவாங்க?” என்றான்.

மறுநாள் அவள் எழுதி வந்தது இது:

‘அம்மா ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். காலையில் இலைமேல் தகரத்தை வைத்து அந்த அளவுக்குக் கத்தரியால் வெட்டுவார். மடியில் முறம் இருக்கும். தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடித்துவிடுவார். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. சரியில்லாததைக் கடையில் கழித்துவிடுவார்கள். அன்றைக்கு அம்மா எங்களிடம் பேசமாட்டார்.’

கடின உழைப்பாளி தானாகவே காணாமல் போய்விட்டார். அந்தக் கடைசி வாக்கியத்தை எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுக்க முடியாது. பின்பெஞ்சுக்காரன் கேட்டதால் வந்தது.

சரி, பிழைகள்? நிறைய இருந்தன. இங்கே அச்சேற்றியது திருத்திய பிரதி. முழு நோட்டையும் சிவப்பாக்கினால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும். அதனால் ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழை. ‘மாடுகள் மேய்ந்தது’ என்று எழுதுகிறவர்களுக்கு அந்த வாரம் ஒருமை பன்மை மட்டும்தான். ர, ற அடுத்த வாரம். ஒற்று மிகும் இடம், மிகா இடமெல்லாம் அதற்கும் பிறகு. தலைமையாசிரியர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத்தனை தப்பு விட்டிருக்கீங்களே டீச்சர்” என்பார். விட்டதல்ல, வரிசையில் நிற்கிறது என்று விளக்குவேன். பாதி நம்புவார்.

வாக்கிய நீளத்துக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து, இறங்கி, நடந்து’ என்று முற்றுப்புள்ளியே இல்லாமல் போகிறவனைச் சத்தமாகப் படிக்கவிட்டால் போதும். மூச்சு வாங்கும் இடத்தில் அவனே புள்ளி வைத்துக்கொள்கிறான்.

பேச்சுத் தமிழ் பற்றி எனக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஓயாத வாக்குவாதம். ‘வந்துகினு இருந்தான்’ என்று எழுதினால் கோடு போட்டு அடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. யாராவது பேசுவதாக மேற்கோள் குறிக்குள் வந்தால் இருக்கட்டும், நீ சொல்லும் இடத்தில் ‘வந்துகொண்டிருந்தான்’ என்று எழுது என்பது என் கட்சி. தாத்தா பேச்சை வேலூர்த் தமிழில் எழுத அனுமதித்த பிறகுதான் பலருக்கு மேற்கோள் குறி எதற்கு என்றே புரிந்தது. முன்பெல்லாம் அதை அலங்காரத்துக்குப் போடுவார்கள்.

இதையெல்லாம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில்தான் நிம்மதியாகச் செய்ய முடிகிறது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு, எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஒரே கவிதையை மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். மரம் நட்டாலும் சரி, கிணறு தூர்வாரினாலும் சரி, அதே கவிதை. தேர்ச்சிக்குத் தத்தளிக்கும் பிள்ளைகளிடம் அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. மற்றவர்களிடம், படத்தில் யார் எதைக் கையில் பிடித்திருக்கிறார்கள் என்பதை முதல் வரியில் எழுதச் சொல்கிறேன். அதற்குப் பிறகு மனப்பாடக் கவிதையை ஒட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். சிலர் அதைப் பார்த்ததும் அடித்துவிட்டுச் சொந்தமாக எழுதுகிறார்கள். சிலர் முதல் வரியை அடித்துவிடுகிறார்கள்.