தீர்த்தமலை: பாறையில் விழும் தீர்த்தமும் அதைச் சுற்றிய உயிர்களும்

தீர்த்தமலை யாத்திரை முறைப்படி மலையடியில் தொடங்குவதில்லை. தென்பெண்ணைக் கரையில், அனுமன்தீர்த்தத்தில் தொடங்குகிறது. இராவண வதம் முடிந்து திரும்பிய இராமபிரான் இங்கே சிவபூஜைக்கு நின்றார். கங்கை நீருக்காகக் காசிக்குப் போன அனுமன் வரத் தாமதமாகவே, பாறையில் பாணம் எய்து தீர்த்தம் வரவழைத்துப் பூஜையை முடித்துவிட்டார். பிறகு வந்து சேர்ந்த அனுமன் மனம் நொந்து வீசிய கலசம் விழுந்த இடம்தான் ஆற்றங்கரைத் தீர்த்தம் என்கிறது தலபுராணம். அதனால் முதலில் ஆற்றில் மூழ்கி அனுமனைக் கும்பிட்டுவிட்டு, பிறகு மலைக்குப் போவது வழக்கம். தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து தீர்த்தமலை 16 கிலோமீட்டர்.

ஆற்றில் இறங்குகிறவர்கள் சோப்பும் ஷாம்புவும் கொண்டுபோக வேண்டாம். உடுத்திய துணியை நீரில் விட்டுவிட்டு வருவதும் வேண்டாம். மூன்று முழுக்கு போதும்.

அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் ஒரு கோயில். மேலே தீர்த்தகிரீஸ்வரர், அம்பாள் வடிவாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம் ஆகும். பங்குனி, சித்திரையில் பாறை சீக்கிரம் சுட்டுவிடும் என்பதால் விடிந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும், அதுவும் திரும்பக் கொண்டுவரக்கூடிய பாத்திரத்தில். மாசிப் பெருவிழாவில் கூட்டம் அதிகம். மலையையும் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் புரட்டாசி, ஐப்பசி நல்ல மாதங்கள். இப்பக்கத்துக் காடு மழைக்குப் பின்தான் தன் முழு உருவத்தைக் காட்டும்.

தீர்த்தத்தைத் தலையில் ஏந்துகிற பக்தர், அதைச் சுற்றி நிற்கும் உயிர்களையும் ஒருமுறை பார்த்துக் கும்பிட வேண்டும். பசுபதி என்று பெருமானை அழைக்கிறோம். எல்லா உயிருக்கும் தலைவர். அந்த உயிர்கள் ஒன்றையொன்று தின்றும், தடுத்தும், தாங்கியும் நிற்பதால்தான் இந்த மலை மலையாக இருக்கிறது. ஒரு காட்டில் எத்தனை வகை உயிர் இருக்கும், பஞ்சம் வந்தால் அது தாங்குமா என்பதை மரங்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. உயிர்களுக்கு இடையிலான கட்டுகள்தான் தீர்மானிக்கின்றன.

அர்ச்சனைக்கு எடுத்துப்போகும் வில்வத்திலிருந்தே தொடங்கலாம். வில்வத் தளிரைத் தின்னும் புழு, எலுமிச்சைச் செடிகளில் முட்டையிடும் கறுப்பு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் பறவை எச்சம்போல் தோன்றும், வளர்ந்தபின் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறக் கொம்பு நீட்டிக் காரமாக நாறும். நந்தவனத்து வில்வக் கன்றில் இதைக் கண்டதும் மருந்தடிக்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்தப் புழுவின் முட்டையிலும் உடலிலும் தன் முட்டையை வைத்து அதைக் கொல்லும் சிறு குளவிகள் உண்டு. மருந்து இரண்டையும் கொல்லும். ஆனால் வண்ணத்துப்பூச்சி வெளியிலிருந்து பறந்து வந்து உடனே மறுபடி முட்டையிட்டுவிடும். குளவிக்கோ புழு பெருகியபின்தான் இரை கிடைக்கும், அதற்குப் பிறகுதான் அது பெருக முடியும். இந்த இடைவெளியில் இலை முழுக்கப் போய்விடுகிறது. மருந்தடித்த நந்தவனத்தில் புழு கூடுதலாக வருவதற்குக் காரணம் இதுதான். கன்று முழங்கால் உயரம்கூட இல்லையென்றால் புழுவைக் கையால் எடுத்து நாரத்தையிலோ கறிவேப்பிலையிலோ விடலாம், இரண்டையும் அது தின்னும். வளர்ந்த மரமானால் ஒன்றுமே செய்ய வேண்டாம். அமாவாசை, பௌர்ணமி, சதுர்த்தி, அஷ்டமி, நவமி, மாதப்பிறப்பு, திங்கட்கிழமை ஆகிய நாட்களில் வில்வம் பறிப்பதில்லை, முந்தின நாளே பறித்து வைப்பார்கள். சாத்திய வில்வத்தைக் கழுவி மறுபடி சாத்தலாம் என்றும் சாஸ்திரம் இடம் தருகிறது. இரண்டையும் கடைப்பிடித்தால் மரத்துக்கு ஓய்வு கிடைக்கும்.

பலமுள்ள ஒன்றைத் தடுத்துவைக்கும் உயிர் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதை 1960களில் ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்க அறிஞர் கடற்கரையில் வைத்துக் காட்டினார். வாஷிங்டன் மாநிலத்துப் பாறைக் கரையில் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் எடுத்து எடுத்துக் கடலில் எறிந்தார். அந்த மீன் தின்றுவந்த மட்டி பெருகிப் பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டது. 15 வகை உயிர் வாழ்ந்த இடத்தில் 8தான் மிஞ்சியது. கொன்று தின்னும் ஒன்றை அகற்றினால் மற்றவை பிழைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. சம்ஹாரமும் பெருமானின் தொழில்களில் ஒன்று என்று நம் பெரியவர்கள் வைத்ததை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஏறும் வழியில் ஆலோ அரசோ அத்தியோ தென்பட்டால் நிழலுக்கு மட்டும் நிற்காமல் கீழே விழுந்த பழம் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். இந்த மரங்களுக்குப் பூ வெளியே இல்லை, காய்க்குள்ளேயே இருக்கிறது. நுனியில் உள்ள சிறு துளை வழியாகக் மிகச் சிறிய பெண் குளவி ஒன்று உள்ளே நுழைகிறது. நுழையும்போதே பொதுவாக அதன் இறகு ஒடிந்துவிடும். கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. சில வாரங்களில் இறகில்லாத ஆண்கள் முதலில் பிறந்து, பெண்களோடு சேர்ந்து, காயின் சுவரைக் குடைந்து வழி விட்டுச் சாகின்றன. பெண்கள் மகரந்தத்தோடு வெளியேறும். ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறு, அத்திக்கு வேறு. வெளியே வந்த பெண்ணுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் தன் இனத்து மரத்தில் சரியான பருவத்துக் காய் கிடைக்க வேண்டும்.

பெரும்பாலும் ஒரே மரத்தின் காய்கள் எல்லாம் ஒன்றாகப் பழுக்கும், ஆனால் பக்கத்து மரம் வேறு மாதத்தில் பழுக்கும். குளவி பிழைப்பது இந்த முறை மாறுதலால்தான். குக்குறுவான், பச்சைப்புறா, சின்னான், மைனா, பழந்தின்னி வௌவால், குரங்கு எல்லாம் கோடையில் பசியாறுவதும் இதனால்தான். மற்ற மரங்கள் கைவிரித்த மாதங்களில் ஆலும் அரசும் போடுவது பஞ்சகாலத்து அன்னதானம். ஒரு வட்டாரத்தில் இந்த மரங்கள் மிகக் குறைந்துபோனால், ஏதோ ஒரு வாரத்தில் எந்த மரத்திலும் இளங்காய் இல்லாமல் போகும். அந்த வாரத்தில் குளவி அற்றுப்போகும். வெளியிலிருந்து காற்றில் வேறு குளவி வந்து சேரும்வரை மரங்கள் நிற்கும், பழம் இருக்காது. ஊருக்கு ஒரு ஆலமரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சாலை அகலப்படுத்தும்போது நாம் இழப்பது நிழலை மட்டுமல்ல.

கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறவை எச்சத்தில் வந்த விதை அது. ஒரு சாணுக்குள் இருக்கும்போதே, மழை பெய்து சுண்ணாம்புக் காரை ஊறியிருக்கும் நாளில், வேரோடு இழுத்துவிட வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் வேர் தடித்துக் கல்லைப் பிளக்கும். எடுத்த கன்றை ஈரச் சாக்கில் சுற்றிவைத்து ஐப்பசிக்குள் ஏரிக்கரையில் நட்டால் அதுவும் புண்ணியம்.

குரங்குகளுக்கு ஒன்றும் தராதீர்கள். கேட்கக் கடினமாக இருக்கும், அனுமன் தலத்தில் இதைச் சொல்வது இன்னும் கடினம். ஆனால் பிஸ்கட்டும் பொரியும் கிடைக்கும் படிக்கட்டை விட்டுக் குரங்கு நகராது. காட்டுப் பழம் தின்று வெவ்வேறு இடத்தில் விதை போடும் வேலை நின்றுபோகிறது. போட்டாலும் படிக்கல்லில் போடுகிறது, அங்கே எதுவும் முளைக்காது. ஒரே இடத்தில் அடைந்து கிடக்கும் கூட்டம் அக்கம்பக்கத்துப் பறவைக் கூடுகளில் முட்டையையும் விடுவதில்லை. தானம் செய்ய மனமிருந்தால் கோயில் அன்னதானத்துக்குக் கொடுங்கள்.

பாதையோரப் புற்றுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெங்கும் உள்ள வழக்கம். மஞ்சளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பால் ஊற்றினால் எறும்பு வரும், எறும்பு கரையானுக்குப் பகை. நம் ஊர்ப் புற்றுக் கரையான் சருகை நேராகச் செரிப்பதில்லை. புற்றுக்குள் தோட்டம்போட்டு ஒரு பூஞ்சையை வளர்த்து, அது பதப்படுத்தியதைத் தின்கிறது. மழைக்குப் பின் கிளம்பும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் பூப்பு. கரையான் தோண்டும் துளைகள் வழியாக மழைநீர் ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளைப் பற்றிய ஆய்வுகளும், புற்று உள்ள நிலம் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கும் என்றே சொல்கின்றன. கரையானைக் கரடியும் அழுங்கும் தின்கின்றன, கைவிட்ட புற்றில் பாம்பும் உடும்பும் குடியிருக்கின்றன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இராமர் தீர்த்தத்தின் கீழ் நிற்க வேண்டும். உயரமான பாறையிலிருந்து நீர் விழுகிறது, கோடையிலும் வற்றுவதில்லை என்பது பக்தர்களின் அனுபவம். பாறை வெடிப்புகளில் ஊறி வரும் நீர் இது. மேலே மண்ணும் சருகும் இருக்கிறவரை மழை மெதுவாக வெடிப்புக்குள் இறங்கும். மண் அரித்துப்போனால் அதே மழை ஒரே நாளில் ஓடிப்போகும். குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி தீர்த்தங்களுக்கும் இதே கணக்குதான். தீர்த்தத்தைத் தலையில் ஏந்தி, சிறிது பருகி, சந்நிதிக்குப் போங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் இடமல்ல இது.

வகை கூடினால் காடு உறுதியாகுமா என்பது அறிஞர்களிடையே நெடுநாள் விவாதம். உறுதியாகும் என்றார் சார்லஸ் எல்டன், 1958இல். 1972இல் ராபர்ட் மே கணக்குப் போட்டு மறுத்தார். உயிர்களைக் கண்டபடி ஒன்றோடொன்று கோத்தால், வகையும் கட்டின் வலுவும் கூடக் கூட அமைப்பு ஆட்டம் காணும் என்றார். இரண்டுபேரும் சொன்னது சரிதான். காட்டில் கட்டுகள் கண்டபடி கோக்கப்படவில்லை, அவற்றில் பெரும்பாலானவை தளர்வானவை. சின்னான் பத்து மரத்துப் பழம் தின்னும், ஒரு மரம் காய்க்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். இப்படிப்பட்ட தளர்ந்த கட்டுகள் ஏற்ற இறக்கத்தை அடக்கிவைக்கின்றன என்று 1998இல் கெவின் மெக்கேனும் மற்றவர்களும் காட்டினார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1988ஆம் ஆண்டு வறட்சியில், பல வகைப் புல் பூண்டு இருந்த பாத்திகள் சில வகையே இருந்தவற்றைவிடக் குறைவாக வாடின. ஒன்று வாட, வாடாத இன்னொன்று அதன் இடத்தை நிரப்பியது. ஆலுக்கும் அதன் குளவிக்கும் உள்ளதுபோன்ற இறுகிய கட்டுதான் முதலில் அறுந்துபோகும். நாம் காக்க வேண்டியதும் முதலில் அதைத்தான்.

இந்தக் கட்டுகளைக் கெடுக்கும் ஒன்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் பரவியிருக்கிறது, உண்ணிச்செடி (லாண்டானா). அமெரிக்கக் கண்டத்துச் செடி, அழகுக்காகக் கொண்டுவந்தது. இங்கே அதை அடக்கிவைக்கும் பூச்சி போதிய அளவில் இல்லை. அதன் கறுப்புப் பழத்தைச் சின்னான் தின்று எங்கும் விதைக்கிறது. புல்லும் மரக்கன்றும் அதன் கீழ் எழுவதில்லை, கோடையில் தீ அதில் ஏறி மரத்தைப் பிடிக்கிறது. உழவாரப் பணிக்கு வருகிறவர்கள் அரிவாளால் வெட்டிவிட்டுப் போனால் ஒன்றுக்கு நாலாகத் தழையும். வனத்துறை அனுமதியோடு, பூக்கும் முன், தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் வேர்க்கட்டையை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். அந்த இடத்தில் உடனே நாட்டுப் புல்லை விதைக்க வேண்டும், வெறும் தரையாக விட்டால் உண்ணியே திரும்ப வரும். பறவை உட்காரும் மரங்களின் அடியில் இரண்டு ஆண்டாவது புது முளைகளைப் பார்த்துப் பிடுங்க வேண்டும்.

இறைவனுக்குச் சந்தனக் காப்பு சாத்துவதால் நந்தவனத்துக்குச் சந்தனக் கன்று கொடுப்போர் பலர். பெரும்பாலான கன்றுகள் செத்துப்போகின்றன. தண்ணீர்க் குறையென்று நினைக்கிறார்கள். உண்மையில் துணைக் குறை. சந்தனம் தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் பொருத்தி நீரும் உப்பும் எடுத்துக்கொள்ளும் மரம், தனியே நின்றால் மஞ்சளித்துக் குறுகும். விதையை, முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலத்தின் 500 பிபிஎம் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) கரைசலில் ஓரிரவு ஊறவைத்து மணல் பாத்தியில் போடுங்கள். முளைத்து நாலு இலை விட்டதும் பைக்கு மாற்றி, அதே பையில் பொன்னாங்கண்ணித் தண்டு ஒன்றைத் துணையாகச் செருகுங்கள். பொன்னாங்கண்ணி தலைக்குமேல் வளர்ந்தால் நறுக்கிவிடுங்கள், நிழலில் சந்தனம் நோஞ்சானாகும். நிலத்தில் நடும்போது குழியோரம் துவரை ஊன்றுங்கள். துவரை இரண்டு ஆண்டில் போய்விடும் என்பதால், சற்றுத் தள்ளிச் சவுக்கு போன்ற நீடித்து நிற்கும் ஒரு மரமும் வேண்டும். இலை சிறுத்துக் குச்சி குச்சியாக நின்றால் அது ஸ்பைக் நோய், தத்துப்பூச்சி பரப்புவது. அந்த மரத்தை உடனே நீக்கிவிட வேண்டும். நல்ல மரம் மூன்று, நான்கு ஆண்டில் பூக்கத் தொடங்கும். பிறகு விதைப்பைக் குயிலும் சின்னானும் பார்த்துக்கொள்ளும். வேலி ஓரத்துப் புதர்களில் தானாக முளைக்கும் கன்றுகளைக் களையென்று பிடுங்காமல் அடையாளக் கழி நட்டு வையுங்கள், துணைவேர் அவற்றுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும்.