வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா, மொதல்ல பேப்பர சேருங்க

கோலாலம்பூர் செந்தூல்ல பக்கத்து வீட்டு அக்காவ காரணமே சொல்லாம வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க, ஒரே அழுகை, நான் சொன்னேன் அக்கா கையில என்ன பேப்பர் இருக்குன்னு மொதல்ல பாப்போம்னு. ஏன்னா மலேசியாவோட 1967 தொழில் உறவு சட்டம் 20வது பிரிவுப்படி, வேலைய விட்டு நிப்பாட்டுன 60 நாளுக்குள்ள தொழில் உறவு இலாகாவுல மனு கொடுத்தாகணும், தாண்டுனா எடுக்கவே மாட்டாங்க. ஆஃபர் லெட்டர், சம்பள ஸ்லிப், இபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மென்ட் எல்லாம் ஈசியா கெடைச்சிரும். வாட்சப்தான் முக்கியம். சூப்பர்வைசர் "நாளைலேர்ந்து வராதீங்க"ன்னு அனுப்புன மெசேஜ, நம்பர், தேதி, மணி எல்லாம் தெரியற மாதிரி முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டோம், கேஸ் முடியற வரைக்கும் அந்த போன மாத்தாதீங்கன்னும் சொல்லி வச்சிருக்கேன். லெட்டர் வந்த கவர கூட தூக்கி போடாதீங்க, எப்ப அனுப்புனாங்கன்னு தபால் முத்திரை காட்டிரும். ஒரிஜினல் எல்லாம் உங்க கையிலயே இருக்கட்டும், காப்பி மட்டும் கொடுங்க. அக்கா மனு கொடுத்தாச்சு, அடுத்து சமரச கூட்டத்துக்கு கூப்புடுவாங்க, நானும் கூட போறேன்.