பெரியம்மாவும் செட்டிங்ஸும்

பெரியம்மாவுக்கு 81 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டோடுதான், அதுவும் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. இப்படி இருப்பவர்களுக்கு இன்டர்நெட் சொல்லிக்கொடுக்க உட்காரும் பிள்ளைகள் எடுத்தவுடனே ஃபேஸ்புக், யூடியூப் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் திறக்க வேண்டியது செட்டிங்ஸ்.

எழுத்தைப் பெரிதாக்குவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வயதானவர்கள் திரையைத் தட்டுவதில்லை, அழுத்துகிறார்கள், பட்டன் போனில் அப்படித்தானே பழக்கம். விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றால் போதும், ஐகான் இடம் மாறும், இல்லையென்றால் அழிக்கட்டுமா என்று போன் கேட்கும், இவர்கள் 'எதையோ கெடுத்துட்டேன்' என்று பயந்து கீழே வைத்துவிடுவார்கள், அப்புறம் தொடவே மாட்டார்கள். ஆண்ட்ராய்டில் 'அணுகல்தன்மை' பகுதிக்குள் போனால் அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கலாம். அதை மாற்றிய பிறகுதான் போன் பெரியம்மாவின் பேச்சைக் கேட்டது. டைப் செய்யவும் வேண்டாம், கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும்.

அடுத்தது, அவர்களுக்கே தேவைப்படும் ஒரு வேலை. பெரியப்பா ரயில்வே. குடும்ப பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு நவம்பர், 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். நாற்காலியில் உட்காரவைத்து மாடியிலிருந்து இறக்கி, ஆட்டோ பிடித்து பேங்குக்குப் போனால், அங்கே கைரேகை பதியாது. தேய்ந்த விரல்! 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று தரும் வழி வந்தது. ஜீவன் பிரமான், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்று இரண்டு ஆப், முதல்முறை பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது. முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து கண் சிமிட்டினால் சரி. "நான் இருக்கேன்னு நானே சொல்லிட்டேன்டா" என்றார் பெரியம்மா. அன்றைக்குத்தான் அவருக்குப் போன் மேல் மரியாதையே வந்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கவலை. வீட்டிலேயே அடைந்து கிடப்பவர்கள் எந்த அழைப்பையும் எடுப்பார்கள், பேச ஒரு குரல் கிடைத்தால் போதும். மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 'உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்கிறோம், ஓடிபி சொல்லுங்க' என்று பென்ஷன்காரர்களையே குறிவைக்கிறார்கள். போலீஸ் மாதிரி வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவது இன்னொரு ரகம், அப்படியொன்று சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். பெரியம்மாவுக்கும் ஒரு அழைப்பு வந்ததாம். "தம்பி, அதெல்லாம் அக்டோபர்லயே கொடுத்தாச்சு, நீ யாரு?" என்று கேட்டிருக்கிறார். வைத்துவிட்டானாம்.