ராணுவக் குடும்பத்து அம்மாவுக்கு ஒரு நினைவுக் குறிப்பு

ராணுவத்தில் இருந்தவரின் மனைவி நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தால், வீட்டார் எழுதும் குறிப்பு பெரும்பாலும் கணவரின் பணி வரலாறாகவே முடிந்துவிடும். அவருடைய பதவி, பதக்கம் எல்லாம் தாளில் இருக்கும்; அம்மாவுடையது இருக்காது.

முதலில் குடியிருந்த ஊர்களை ஆண்டுவாரியாக எழுதுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், கடித உறைகளின் அஞ்சல் முத்திரை, இவற்றிலேயே பாதி கிடைத்துவிடும். களமுனைக் கடிதங்கள்தான் ஏமாற்றும். அவற்றில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் இராது, படைப்பிரிவும் அஞ்சலக எண்ணும்தான். தேதியில்லாத படமா? சீருடையிலுள்ள பதவிச் சின்னத்தைப் பதவி உயர்வுத் தேதிகளோடு ஒப்பிட்டால் ஆண்டு ஓரளவு பிடிபடும்.

கணவர் உடனில்லாத மாதங்களைத் தனியே குறியுங்கள். பிரசவம், வாடகை, பள்ளிச் சேர்க்கை, மாமியாரின் வைத்தியம், இதையெல்லாம் அப்போது யார் பார்த்தது? அங்கேதான் அம்மாவின் கதை இருக்கிறது. கணவரின் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையை ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்; பலருக்கு அதுதான் நீளமான பகுதி.