ஓவேர்: வான்கோ கடைசியாக வரைந்த ஊர்

முதலில் அந்த டாக்சிக்காரர் கதை. பாரிஸிலிருந்து ஓவேர் சுர் உவாஸ் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் ரயில் மாறக் காத்திருந்தபோது, "அடுத்த வண்டி வர ரொம்ப நேரமாகும்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டார் ஒருவர். மீட்டர் போடவே இல்லை. அவர் கறந்த காசில் நாங்கள் இருவரும் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம். பகல் கொள்ளை! எவ்வளவு நேரமானாலும் ரயிலுக்கே காத்திருங்கள்.

அந்த எரிச்சலோடுதான் ராவூ விடுதிக்குள் நுழைந்தேன். 1890-இல் டச்சு ஓவியர் வான்கோ, தற்கொலைக்கு முந்தைய கடைசி வாரங்களில், இங்கே தங்கவும் சாப்பிடவும் நாளுக்கு 3.50 பிராங்க் கொடுத்தார். அதுவும் தம்பி தியோ அனுப்பிய பணம். மாடியில் 5-ஆம் எண் அறை, கூரையில் ஒரு சின்ன ஜன்னல். பழைய சாமான்களை அடுக்கி அருங்காட்சியகமாக்காமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு. நுழைவுக் கட்டணத்துக்கு யோசித்த எனக்கு அங்கிருந்து இறங்கி வரவே மனமில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே ஐவி கொடிப் போர்வையில் கிடக்கிறார்கள். அதைத் தாண்டினால் கோதுமை வயல். வான்கோவின் படத்தில் காகங்கள் பறக்குமே, அந்த வயல்! கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். ஒரு மீட்டர் அகலமும் அதில் பாதி உயரமுமான கித்தானை அவர் ஏன் எடுத்தார் என்பது இங்கே நின்றால் புரியும். சாதாரணச் சட்டத்துக்குள் இந்த வெளி அடங்காது.

27 வயதில் ஓவியனாவதென்று முடிவெடுத்து, பயிற்சிப் புத்தகப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவர். ஆன்ட்வெர்ப் கலைப்பள்ளியில் சில மாதம்கூட நிலைக்கவில்லை. அந்த மனிதர், கலங்கிய வானத்தின் கீழ் விரிந்த இந்த வயல்களில் துயரத்தையும் கடும் தனிமையையும் காட்ட முயன்றதாகத் தம்பிக்கு எழுதினார். எல்லோரும் இதை மட்டுமே சொல்கிறார்கள். கிராமப்புறத்தில் தான் காணும் ஆரோக்கியத்தையும் தெம்பையும் இதே படங்கள் சொல்லும் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாரே, அதை ஏன் விடுகிறீர்கள்? காகப் படத்தைத் தற்கொலைக் கடிதம்போல் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது அவருடைய கடைசிப் படமும் அல்ல. மர வேர்களை வரைந்த படத்தையே ஆய்வாளர்கள் கடைசியாகக் கருதுகிறார்கள். அந்த வேர்கள் இருந்த சரிவை 2020-இல் ஒரு பழைய அஞ்சலட்டையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதுவும் இதே ஊரில்தான்.

தேவாலயத்தை மறக்காதீர்கள். நேரில் அசையாத கல் கட்டடம். ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள அவர் படத்திலோ சுவரும் கூரையும் நெளிகின்றன, வானம் கருநீலமாக அழுத்துகிறது. பாரிஸ் திரும்பியதும் அதைப் போய்ப் பாருங்கள். குளிர்காலத்தில் விடுதி மூடியிருக்கும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.