1014 யாருடைய எண்?

"அந்த ஃபைல் என் பேர்ல இருந்துச்சு சார், அதான் திறந்தேன். தப்பா?"

"தப்பில்லம்மா" என்று டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு வேகமாக ஏன் சொன்னேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

வேலையை விட்டுப் போன டீம் லீட் ஒருவரின் கணக்கை விதிப்படி நீக்கியிருந்தோம். பொது ஃபோல்டரில் அவர் வைத்திருந்த ஃபைல்கள் அப்படியே கிடந்தன. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு ஃபைல் யாருடையது என்பது பெயராகப் பதிவாவதில்லை. ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடில் சொந்தக்காரரின் எண்தான் இருக்கும். ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ கட்டளையை அடித்தால், அந்த எண்ணைப் பயனர் பட்டியலில் தேடிப் பெயரைக் காட்டும். லீடின் எண் (யூஐடி) 1014, பட்டியலில் கடைசி. அது காலியானதும், அடுத்துச் சேர்ந்த இந்தப் பெண்ணுக்குக் கணக்கு தொடங்கும்போது சிஸ்டம் அதே 1014-ஐ எடுத்துக் கொடுத்துவிட்டது. பழைய சிம் நம்பரை வேறொருவருக்குக் கொடுத்தால் முன்னவருடைய ஓடிபி எல்லாம் இவருக்கு வருமே, அந்தக் கதைதான்.

இதில் ஒரு ஃபைலுக்கு லீட் 600 என்று அனுமதி போட்டிருந்தார். படிக்க 4, எழுத 2, இரண்டும் சொந்தக்காரருக்கு மட்டும். குரூப்புக்கும் மற்றவர்களுக்கும் பூஜ்யம். அவர் கவனமாகப் பூட்டியதால் டீமில் வேறு யாராலும் திறக்க முடியவில்லை, இந்தப் பெண்ணைத் தவிர. உள்ளே இருந்தது டீமில் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதிய அப்ரைசல் குறிப்புகள். "முழுசா படிச்சுட்டேன் சார்" என்று நான் கேட்காமலே சொன்னார்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? சிஸ்டத்தின் மையமான கெர்னல் எண்ணைப் பார்த்தது, பொருந்தியது, திறந்தது. எங்கள் அமைப்பில் இருந்த ஓட்டைக்குப் புதிதாக வந்தவரைக் குற்றவாளியாக்குவதா? ஆனால் இரண்டு வரி படித்தாலே அது தன்னுடையதல்ல என்று தெரிந்திருக்கும். அதற்கு மேலும் படித்ததைக் கெர்னல் தலையில் கட்ட முடியாது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கையில் இருக்கும் ரூட்டுக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்குக்கு, 600 ஒரு தடையே இல்லை. இத்தனை வருடமாக யாருடைய ஃபைலையும் வேலை இல்லாமல் திறந்ததில்லை. அதைச் சரிபார்க்கவும் யாருமில்லை. அப்படியானால் எனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா? ரூட் கையில் இருப்பவனுக்கும் ஆறு மாத அனுபவக்காரருக்கும் ஒரே அளவுகோல் வைப்பதும் சரியில்லைதான். இப்படி மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சரிசெய்வது நினைத்ததைவிடச் சிக்கல். உரிமையாளர் இல்லாத ஃபைல்களைத் தேட ஃபைண்ட் என்ற தேடல் கட்டளையில் வழி உண்டு, ஆனால் எண்ணுக்கு மறுபடி ஆள் வந்துவிட்டால் அது எதையும் காட்டாது. கணக்கு தொடங்கிய தேதிக்கு முந்தையவற்றைப் பிரிக்கலாம் என்றால், டார் என்ற தொகுப்பு ஃபைலிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஃபைல்களும் பழைய தேதியோடுதான் வரும். கடைசியில் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, "இது உங்களோடதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தக் குறிப்பு வந்தபோது, "என்னோடது இல்ல சார்" என்றார், கொஞ்சமும் தயங்காமல். இப்போதெல்லாம் போகிறவர்களின் கணக்கை நீக்குவதில்லை, பூட்டி வைக்கிறோம். எண் வேறு யாருக்கும் போகாது.

டிக்கெட்டில் ‘யூஐடி மறுபயன்பாடு, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி மூடினேன். யார் எதைப் படித்தார் என்று எழுதவில்லை, மேனேஜரிடமும் சொல்லவில்லை. குறிப்பில் பெயர் இருந்தவர்களை நினைத்து என்று சொல்லிக்கொள்கிறேன். அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்று முடிவெடுக்க நான் யார் என்றும் தோன்றுகிறது.

கொஞ்ச காலம் கழித்து அவர் வேறு டீமுக்கு மாற்றல் கேட்டார். நைட் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்று காரணம். இருக்கலாம். குரூப் மாற்றும் டிக்கெட் என்னிடம்தான் வந்தது. பழைய குரூப்பிலிருந்து எடுத்து, புதியதில் சேர்த்தேன். கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, "லாக்அவுட் பண்ணிட்டுத் திரும்ப உள்ள வாங்கம்மா, அப்பதான் புது குரூப் வேலை செய்யும்" என்று மட்டும் சொன்னேன்.